தொண்ணூற்றொன்பது விழுக்காடு போதுமா?

மழைக்கால மாலையொன்றில், செபமாலை முடிந்து ஆலயக் கதவை அடைக்கும் நேரத்தில், நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் கையில் காகிதக் கட்டுடன் நம்மைத் தேடி வந்தார். கல்லூரி ஒன்றில் தொகுப்பூதியத்திற்குப் பணிபுரியும் ஆசிரியை அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் நடத்திய பாடமொன்றின் 'கற்றல் அடைவு' அட்டவணையை நிரப்பித் தரும்படி அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பாடம் நடத்தியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். படித்த மாணவர்களும் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். விடைத்தாள்கள் இல்லை; மொத்த மதிப்பெண் பட்டியல் மட்டுமே இருக்கிறது. ஆனால் ஆய்வுக்குழு வரப்போகிறது. கட்டங்கள் வெறுமையாக இருக்கலாகாது.

"சாமி, நடக்காததை நடந்ததாக எழுதச் சொல்கிறார்கள். இது பாவமா?" என்று கேட்டார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட கேள்வியன்று அது. மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்டது. பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவரே இசைவும் தந்தார். நாம் அளித்த விடையை இறுதியில் கூறுவோம். அக்கேள்வி பிறந்த இடத்தை முதலில் காண்போம்.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, உயர்கல்வியின் தரத்தை மதிப்பிட, பல்கலைக்கழக மானியக் குழு 1994ஆம் ஆண்டு பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அவையை நிறுவியது. 'நாக்' என்று நாம் சுருக்கி அழைப்பது இதனையே. கல்லூரி தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். அது ஏழு அளவுகோல்களின்படி சோதிக்கப்படும். 2017இல் திருத்தப்பட்ட முறையில், ஏறத்தாழ 70 விழுக்காடு மதிப்பீடு கணினி வழி அனுப்பப்படும் புள்ளிவிவரங்களைக் கொண்டும், எஞ்சியது நேரில் வரும் குழுவின் பார்வையைக் கொண்டும் அமையும் என்றாயிற்று. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு 1000 மதிப்பெண்ணில் 350, கற்பித்தல், கற்றல், மதிப்பிடல் என்னும் ஓர் அளவுகோலுக்கே ஒதுக்கப்பட்டது. மாணவர் உண்மையில் எதைக் கற்றார் என்னும் கேள்வி அதற்குள்தான் அடங்குகிறது.

இந்தக் கேள்வி நல்ல கேள்வி. இதைக் கேட்டதற்காக நாம் நாக் அவைக்கு நன்றி கூறவே கடமைப்பட்டுள்ளோம். முன்னெல்லாம் தேர்ச்சி விழுக்காடு ஒன்றே கல்லூரியின் பெருமையாயிருந்தது. ஒரு பாடத்தை ஏன் நடத்துகிறோம், முடிவில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தத் துறையும் எழுதி வைத்ததில்லை.

திருச்சபைக்கும் இது புதிதன்று. இயேசு சபையார் 1599ஆம் ஆண்டு வகுத்த கல்வி ஒழுங்கில், படித்ததை மீண்டும் சொல்லுதலும் வாதங்களும் தேர்வுகளும் விரிவாக இடம்பெற்றன. ஒரு குருவுக்கு ஒப்புரவு அருட்சாதனம் வழங்கும் அதிகாரத்தை, தேர்வினாலோ வேறு வழியாலோ அவர் தகுதியுள்ளவர் என்று அறிந்த பின்னரே அளிக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 970ஆம் எண். நம் குருமட நாள்களில் அறநெறி இறையியல் பேராசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இப்படியொரு சிக்கலோடு ஒருவர் உம்மிடம் வந்து முழந்தாளிடுகிறார், என்ன சொல்வீர்?" என்று கேட்பார். அரை மணி நேரத்தில் நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் வெளிப்பட்டுவிடும். சிலரை ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவும் கற்றல் விளைவை அளத்தல்தான். ஆகவே நாம் அளவீட்டின் பகைவர் அல்லர். அளக்காமலே அளந்ததாகக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

அட்டவணையின் கதை

நடைமுறையை வாசகர்கள் அறிய வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு 'விளைவுகள்' எழுதப்படுகின்றன. 'மாணவர் புரிந்துகொள்வர்' என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். புரிதலை அளக்க இயலாதாம். 'விளக்குவர்', 'வகைப்படுத்துவர்' என்று எழுத வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் தலைமையில் 1956இல் வகுக்கப்பட்ட அறிவின் ஆறு படிகளை ஒட்டி, வினாத்தாளில் ஒவ்வொரு வினாவின் அருகிலும் கே1 முதல் கே6 வரை ஓர் எண் இடப்படுகிறது. பிறகு ஒவ்வொரு பாட விளைவும் முழுப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு எவ்வளவு தொடர்புடையது என்பதற்கு 3, 2, 1 என்று எண்கள் இடப்படும். வேதியியல் வினாவொன்றுக்கு எழுதிய விடை, 'சமூகப் பொறுப்புணர்வு' என்னும் விளைவை 2 என்ற அளவில் வளர்த்ததாக அட்டவணை சொல்லும். யார் அளந்தார்கள்? யாரும் அளக்கவில்லை. உணவு இடைவேளையில் ஒருவர் நிரப்பினார்.

அடைவு கணக்கிடப்படும் விதத்தையும் பாருங்கள். வகுப்பில் 60 பேர் என்று கொள்வோம். 50 மதிப்பெண்ணைத் துறையே வரம்பாக வைக்கிறது. 70 விழுக்காட்டினர் அதை எட்டினால் 'நிலை 3' என்றும் துறையே எழுதி வைத்துக்கொள்கிறது. 42 பேர் எட்டுகிறார்கள். சரியாக 70 விழுக்காடு. நிலை 3, முழு வெற்றி. எட்டாமற் போனாலும் கவலையில்லை. அடுத்த ஆண்டு வரம்பை 45 ஆக்கினால் அதே மாணவர்கள் அதே அறியாமையோடு வெற்றி பெற்றுவிடுவார்கள். ஓட்டப்பந்தயம் முடிந்தபின் எல்லைக்கோட்டை நகர்த்துவதற்கு இது எவ்வகையில் வேறு?

எஞ்சிய 18 பேர் எங்கே? அட்டவணையில் அவர்களுக்கு இடமில்லை. நிலை 3 என்ற எண் அவர்களை விழுங்கிவிட்டது. அவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்து ஆங்கிலப் பாடநூலின் முன் வாயடைத்து நிற்பவர்கள். இரவு முழுதும் திருமண மண்டபத்தில் பரிமாறிவிட்டுக் காலையில் கடைசி வரிசையில் கண்ணயர்பவர்கள்.

நூறு ஆடுகளில் ஒன்றைத் தொலைத்தவரின் உவமையை நாம் ஒவ்வோர் ஆண்டும் பீடத்திலிருந்து வாசிக்கிறோம். இந்த அட்டவணைப்படி அந்த ஆயரின் அடைவு 99 விழுக்காடு, நிலை 3. காணாமற் போனதைத் தேடி அவர் புறப்படத் தேவையே இல்லை. அறிக்கையை அனுப்பிவிட்டு உறங்கியிருக்கலாம். ஆயினும் ஆண்டவர் நமக்கு முன் நிறுத்தியது உறங்கிய ஆயரை அன்று. கத்தோலிக்கக் கல்லூரி என்ற பெயருக்கு ஏதேனும் பொருள் உண்டென்றால், அது அந்த 18 பேரின் பெயர்களைத் துறைத்தலைவர் அறிந்திருப்பதில்தான் இருக்கிறது.

நிறுவனத்தின் அச்சம்

நிருவாகிகள் நம்மிடம் சொல்வது இது: "தரச்சான்று குறைந்தால் தன்னாட்சி போகும்; நிதியுதவி போகும்; சேர்க்கை குறையும். முடிவில் பாதிக்கப்படுவோர் அதே ஏழை மாணவர்கள்தாம்." இந்த அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பொய்க்கணக்கால் காக்கப்படும் கல்லூரி ஏழைக்கு எதைத் தரும்? தன் குறையை மறைக்கப் பழகிய நிறுவனம் அக்குறையைத் திருத்துவதில்லை. மறைப்பதற்கே ஆள் வைக்கிறது. கற்பிக்க வேண்டிய மாலை நேரங்கள் கோப்புகளுக்குப் போகின்றன. ஒரு நோயாளியின் காய்ச்சலைத் தணிக்காமல் வெப்பமானியைத் தண்ணீரில் நனைத்து எடுப்பவர் மருத்துவராவாரா?

இந்தச் சரிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நாடு கண்டது. உயர்ந்த தரம் வழங்கக் கையூட்டுப் பெற்றதாக எழுந்த வழக்கில், 2025 பிப்ரவரியில் ஓர் ஆய்வுக்குழுவின் தலைவரையும் உறுப்பினர் சிலரையும் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. அந்நிறுவனம் நம்முடையதன்று என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். காகிதத்தில் உள்ள எண்ணே எல்லாம் என்று ஆனபின், அந்த எண்ணை உழைப்பின்றிப் பெறும் வழிகள் பெருகத்தான் செய்யும். 2024 ஜனவரியில், தர எழுத்துகளுக்கு மாற்றாக 'தரச்சான்று உண்டு, இல்லை' என்னும் இருநிலை முறையை நாக் அறிவித்தது. முறைகள் மாறட்டும், நிரப்பும் கை மாறாவிட்டால் எந்த முறையும் மோசம் போகும்.

உண்மையைத் தேடுவதும் அறிவிப்பதும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் உயிர்நாடி என்பதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட 'எக்ஸ் கோர்தே எக்லேசியே' என்னும் திருத்தூதுச் சட்டம் வலியுறுத்துகிறது. உண்மைக்காக நிறுவப்பட்ட இல்லத்தில், வேலை நிலையற்ற ஓர் இளம் ஆசிரியையைப் பொய்யெழுதப் பழக்குவதைவிடப் பெரிய முரண்பாடு உண்டா?

பொதுநிலையினர் செய்யத்தக்கது

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை. எளிய வழிகள் மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, அளக்கப்படாத இடத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதும் துணிவு கல்லூரிக்கு வேண்டும். இரண்டாவது, மாணவர் முதலாண்டில் சேர்ந்ததும் தம் துறை சார்ந்த ஒரு பக்கம் எழுதட்டும். மூன்றாமாண்டு இறுதியில் அதே வகைப் பக்கம் ஒன்றை மீண்டும் எழுதட்டும். இரண்டையும் அருகருகே வைத்து, அவருக்குப் பாடம் நடத்தாத இரு ஆசிரியர்கள் வாசிக்கட்டும். வளர்ந்தாரா என்பது தெரிந்துவிடும். மூன்றாவது, அடைந்தவர்களின் விழுக்காட்டுக்குக் கீழே, அடையாதவர்களின் எண்ணிக்கையும் அவர்களுக்காகச் செய்தது என்ன என்பதும் எழுதப்படட்டும்.

இவற்றைக் கேட்பவர்கள் யார்? நீங்கள்தாம். ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள அகத்தர உறுதிக் குழுவில், ஊர்ச் சமூகத்தின் சார்பாகவும் முன்னாள் மாணவர் சார்பாகவும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது நாக் வகுத்த நெறியே. அந்த நாற்காலிகளில் நம் பொதுநிலையினர் பலர் அமர்ந்திருக்கிறார்கள். தேநீர் அருந்திக் கையொப்பமிட்டு எழுந்து வருகிறார்கள். கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்ததும் தேர்த்திருவிழாவில் வாழ்த்துப் பலகை வைக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எட்டாத 18 பேர் எங்கே?"

இனி அந்த ஆசிரியைக்கு நாம் சொன்னதைக் கூறுவோம். "பொய் பொய்தான், அம்மா. ஆனால் அதன் பெரும்பங்கு உம்மை எழுதச் சொன்னவர்களைச் சேரும். அந்தக் கட்டத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதும்" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படி எழுதினால் அடுத்த ஆண்டு எனக்கு வேலை இருக்குமா, சாமி?" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. அந்த விடையைத் தரக்கூடியவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள்.