ஓடுகளத்தை மூடினால் என்ன மிச்சம்?

2020 நவம்பரில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள கிளெம்சன் பல்கலைக்கழகம் தனது ஆடவர் தடகள அணியையும் நெடுந்தொலைவு ஓட்ட அணியையும் கலைக்கப்போவதாக அறிவித்தது. இதனால் ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று காரணம் கூறப்பட்டது. அதே பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய ஆண்டுதான் தனது அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளருடன் பத்தாண்டுகளுக்கு 9.3 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. சராசரியாக ஆண்டுக்கு 93 லட்சம் டாலர். ஒரு மனிதரின் மூன்று மாத ஊதியத்தைக் கொண்டு ஓர் அணியையே ஓராண்டு நடத்திவிடலாம் என்பதே இதன் பொருள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்பதால், 'மிச்சம்' என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கு மிச்சம், எதிலிருந்து மிச்சம் என்ற கேள்விகளே எனக்கு முதலில் எழுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடவர் தடகளத்தின் மீது வைக்கும் கத்தரியை அந்தக் கேள்விகளோடு பார்க்க வேண்டும்.

கிளெம்சன் தனித்த நிகழ்வு அன்று. 2020 மே மாதம் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆடவர் தடகளத்தைக் கைவிட்டது. அதே மாத இறுதியில் பிரவுன் பல்கலைக்கழகம் 11 விளையாட்டு அணிகளின் பட்டியலில் ஆடவர் தடகளத்தையும் சேர்த்தது. கருப்பின மாணவர்கள் கணிசமாக இடம்பெற்றிருந்த அணியைக் கலைப்பது எந்த வகை நீதி என்று எழுந்த எதிர்ப்பால், 12 நாள்களில் அந்த அணியை மீட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு 7-க்கு 5 என்ற வாக்கு வேறுபாட்டில் ஆடவர் உள்ளரங்கத் தடகளத்தை நீக்கி, திறந்தவெளித் தடகளத்தை மட்டும் தக்கவைத்தது.

பெருந்தொற்றுக் கால வருவாய் இழப்பு அன்று காரணமாகச் சொல்லப்பட்டது. பெருந்தொற்று போய்விட்டது, கத்தரி போகவில்லை. 2025 ஜூனில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் தாண்டுதல், எறிதல் போட்டிகளைக் கைவிட்டு, குறுந்தொலைவு ஓட்டங்களையும் சுருக்கி, நெடுந்தொலைவு ஓட்டத்தோடு நின்றுகொள்வதாக அறிவித்தது. 1978-இல் 81 நாள்களில் நான்கு உலக சாதனைகளைப் படைத்த கென்ய வீரர் ஹென்றி ரோனோ பயின்ற பல்கலைக்கழகம் அது.

இந்த வெட்டுகளுக்குப் பாலினச் சமத்துவச் சட்டமே காரணம் என்று கூறுவோர் உண்டு. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் 'ஒன்பதாம் தலைப்பு' சட்டத்தைப் பின்பற்றுவதற்கான வழிகளுள் ஒன்று, விளையாட்டு வாய்ப்புகளை மாணவ, மாணவியர் எண்ணிக்கையின் விகிதத்தில் அளிப்பது. நூறு பேருக்கு மேல் கொண்ட அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஈடான பெண்கள் அணி கிடையாது. எனவே கணக்கை நேர்செய்ய, வருவாய் ஈட்டாத வேறோர் ஆடவர் அணி பலியாகிறது. நெடுந்தொலைவு ஓட்டம், உள்ளரங்கம், திறந்தவெளி என்று தடகளத்தின் பருவங்கள் மூன்று தனி விளையாட்டுகளாக எண்ணப்படுவதால் வெட்டுவதற்கு அது வசதியாகவும் இருக்கிறது.

ஆனால், ஆடவர் அணியைக் கலைக்கும்படி அந்தச் சட்டம் எங்கும் கூறவில்லை. பெண்களுக்கான வாய்ப்பைப் பெருக்கியும் விகிதத்தைச் சரிசெய்யலாம். கிளெம்சன் வீரர்கள் தங்கள் அணியைக் காக்க அதே சட்டத்தைத்தான் துணைக்கு அழைத்தனர். வழக்கு வரும் என்ற நிலையில், 2021 ஏப்ரலில் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது. பெண்களுக்கான வாய்ப்பைக் கூட்டவும் ஒப்புக்கொண்டது. எந்தச் சட்டத்தின் மீது பழி போடப்பட்டதோ, அதுவே அணியைக் காப்பாற்றியது.

உண்மையான காரணத்தை அறிய, அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்டு போவன் 1980-இல் உயர்கல்விச் செலவு குறித்துச் சொன்னதை நினைவுகூரலாம். பல்கலைக்கழகம் தன்னால் இயன்ற அளவு பணத்தைத் திரட்டும். திரட்டியதையெல்லாம் செலவழிக்கும் என்பது அவரது முடிவு. லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள அங்கே பங்குதாரர்கள் இல்லை. எனவே கால்பந்து ஈட்டும் தொலைக்காட்சி வருவாய், பயிற்சியாளர் ஊதியமாகவும் பளபளக்கும் பயிற்சிக் கூடங்களாகவும் உருமாறுகிறது. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் அதிகம். வேலையைச் செய்யாமலிருப்பதற்கு இவ்வளவு கொடுக்க முடிந்த ஓர் அமைப்பில் பணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்த வருவாயை உழைத்து ஈட்டிய மாணவ வீரர்களுக்கு நெடுங்காலம் அதில் பங்கு தரப்படவில்லை. அந்த அநீதி இப்போது ஓரளவு களையப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத் தீர்வின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 கல்வியாண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாக வழங்கலாம். பழைய பாக்கிக்காகத் தனியே ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் தரப்பட வேண்டும். இதை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால், அந்தச் சுமையைப் பயிற்சியாளர் ஊதியம் தாங்கப்போகிறதா, ஓட்டப்பந்தய வீரர் தாங்கப்போகிறாரா என்பதே கேள்வி. அதே தீர்வு ஆடவர் தடகள அணியின் உச்சவரம்பை 45 பேர் என்றும், கால்பந்து அணிக்கு 105 என்றும் வகுத்திருப்பது காற்று வீசும் திசையைக் காட்டுகிறது.

இனி, மிச்சக் கணக்குக்கு வருவோம். வகுப்பில் நான் அடிக்கடி வலியுறுத்தும் பாடம் ஒன்று உண்டு: ஒரு செயலை நிறுத்துவதால் உண்மையில் எது குறைகிறதோ, அதுவே மிச்சம். இந்தத் தீர்வுக்கு முன்புவரை ஓர் ஆடவர் தடகள அணிக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகைகள் 12.6 மட்டுமே. அதையே பல வீரர்கள் பகிர்ந்துகொண்டனர். மீதிக் கட்டணத்தைப் பெரும்பாலும் அவரவர் குடும்பமே செலுத்தியது. அணியைக் கலைத்ததும் அந்த மாணவர்கள் வேறிடம் சென்றால், அவர்கள் செலுத்திவந்த கட்டணமும் போய்விடும். ஓடுபாதையும் பெண்கள் அணிக்காக இருந்தே தீரும். அதைப் பராமரிக்கும் செலவு ஒரு டாலர்கூடக் குறையாது. விளையாட்டுத் துறையின் ஏட்டில் மிச்சம் என்று எழுதப்படுவது, பல்கலைக்கழகத்தின் மொத்த ஏட்டில் அவ்வளவு பெரிதாக இராது.

எந்த ஏட்டிலும் ஏறாத இழப்பு இன்னொன்று. அமெரிக்காவில் மத்திய விளையாட்டு அமைச்சகம் கிடையாது. அந்நாட்டு ஒலிம்பிக் குழுவுக்கு அரசின் தொடர் நிதியும் இல்லை. அந்த வேலையைப் பல்கலைக்கழகங்களே செய்துவருகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத் தனிநபர் பிரிவுகளில் தங்கம் வென்ற அமெரிக்க ஆடவர் அறுவரில், நோவா லைல்ஸ் நீங்கலாக ஐவரும் கல்லூரி அணிகளில் உருவானவர்கள். பயன் நாட்டுக்கு, செலவு ஒரு பல்கலைக்கழகத்துக்கு என்றால், அந்தச் செலவைக் குறைப்பதே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அறிவார்ந்த செயலாகத் தோன்றும். பொதுப்பண்டங்கள் அழிவது இப்படித்தான்.

பயன் அந்நாட்டோடு நிற்பதும் இல்லை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று இலங்கைக்குப் பெருமை சேர்த்த யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நம் காலத்தில், தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018-இலும் 2022-இலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையேயான உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். ஓர் அணி கலைக்கப்படும்போது இத்தகைய கதவு ஒன்றும் சேர்ந்தே மூடப்படுகிறது.

ஒலிம்பிக் வீரரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் கடமையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், கால்பந்துக் கேளிக்கை நடத்துவது கடமையாகும்போது, விலை உயர்ந்த கருவிகளோ குதிரையோ படகோ வேண்டாத, ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரு ஜோடிக் காலணியோடு நுழையக்கூடிய தடகளம் மட்டும் எப்படி ஆடம்பரமாகும்?

தீர்வு தனியொரு பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. பயிற்சியாளர் ஊதியத்தை ஒரு நிறுவனம் மட்டும் குறைத்தால் அவரை அடுத்த நிறுவனம் கொத்திச் செல்லும். அனைவரும் கூடி உச்சவரம்பு வைத்தால் அது போட்டித் தடுப்புச் சட்டத்தை மீறுவதாகும். உதவிப் பயிற்சியாளர்கள் சிலரின் ஊதியத்துக்கு அப்படி வரம்பு வகுத்த கல்லூரி விளையாட்டுச் சங்கம், 1990-களில் வழக்கில் தோற்று 5.45 கோடி டாலர் கொடுத்து விடுபட நேர்ந்தது. எனவே நாடாளுமன்றம்தான் தலையிட வேண்டும். அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டுப் பல்கலைக்கழகங்கள் அதன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. விலக்கு தரட்டும், ஆனால், பயிற்சியாளர் ஊதியத்துக்கு வரம்பு வைக்கவும், வருவாய் ஈட்டாத அணிகளைக் கலைக்காதிருக்கவும் நிபந்தனை விதித்துத் தரட்டும்.

ஆண்டுக்கு 20 லட்சம் டாலரை மிச்சப்படுத்த ஓர் அணியையே கலைக்கத் துணியும் நிறுவனம், 93 லட்சம் டாலரை ஒருவருக்குக் கொடுக்கும்போது கையைச் சுருக்கவில்லை. அதைச் சிக்கனம் என்று அழைக்க எந்தப் பொருளியல் பாடநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை.