பதினாலு ஸ்டால், ஆறு மணி நேரம்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் நேற்று ராத்திரி ஒரு எக்செல் ஷீட் வந்து விழுந்தது. அனுப்பியவன் என் மகன். இந்திய அறிவியல் கழகத்தின் ஓப்பன் டே வருகிறதல்லவா, அதற்கான பயணத் திட்டம். கிளம்பும் நேரம், வண்டியை நிறுத்தும் இடம், பதினாலு துறைகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். கழிப்பறைக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது, அதை மட்டும் நான் மனதாரப் பாராட்டுகிறேன். எழுபது தாண்டியவர்களுக்கு அது முக்கியம்.

பெங்களூருக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக இரண்டு வரி. 1909-ல் தொடங்கிய நிறுவனம் அது. பழைய பெங்களூர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்வார்கள், ஆட்டோக்காரரிடமும் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரியும். மைசூர் சமஸ்தானம் கொடுத்த 371 ஏக்கர் நிலத்தில், மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. மற்ற நாட்களில் நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. வருஷத்தில் ஒரு நாள், பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கதவைத் திறந்து விடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் போகலாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு துறையிலும் ஆராய்ச்சி மாணவர்கள் மேஜை போட்டுக்கொண்டு நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டி விளக்குவார்கள். கூட்டம் திருவிழாக் கூட்டம்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு மணி நேரம் என்றால் 360 நிமிடம். பதினாலால் வகுத்தால் ஒரு துறைக்கு இருபத்தைந்து நிமிடம் சொச்சம். அதில்தான் நடை, வரிசை, தண்ணீர், செல்ஃபி எல்லாம் அடக்கம். உயர் மின்னழுத்த ஆய்வகத்தில் செயற்கை மின்னலைப் பார்க்க நிற்கும் வரிசை ஒன்றே போதும், ஷீட்டில் பாதிக் கட்டங்களைக் காலி செய்துவிடும். ஆக, ஒரு மேஜை முன்னால் என் பேரன் நிற்கப்போவது நாலைந்து நிமிடம். திருப்பதியில் ஜருகண்டி, ஜருகண்டி என்று தள்ளுவார்களே, அங்கே தள்ளுகிறவர் தேவஸ்தானத்து ஆள். இங்கே தள்ளுகிறவர்கள் பெற்ற அப்பாவும் அம்மாவும்.

நான் இப்படிக் கொதிப்பதற்குக் காரணம் போன தடவை நடந்தது.

ஒரு மேஜையில் திரவ நைட்ரஜன் வைத்திருந்தார்கள். மைனஸ் 196 டிகிரி. சாமந்திப் பூவை அதில் முக்கி எடுத்து மேஜையில் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஊதிய பலூனை உள்ளே விட்டால் சுருங்கிப் போகிறது, வெளியே எடுத்து வைத்தால் தானாகவே மறுபடி உப்புகிறது. பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். என் பேரன் தட்டவில்லை. அவன் பூவையும் பார்க்கவில்லை, பலூனையும் பார்க்கவில்லை. பாத்திரத்தின் விளிம்பிலிருந்து வழிந்த வெள்ளைப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மேஜையில் படர்ந்து தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அங்கே நின்ற மாணவியிடம் கன்னடத்தில் கேட்டான்: "அக்கா, புகைன்னா மேலேதானே போகணும், இது ஏன் கீழே போகுது?"

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து நூறு பேர் "வாவ்" என்று சொல்லியிருப்பார்கள், கேள்வி கேட்டவர் எத்தனை பேரோ. அவன் உயரத்துக்குக் குனிந்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஆரம்பித்தாள். அதற்குள் என் மகன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். "வாடா, லேட்டாயிடுச்சு, ரோபோ பார்க்க வேண்டாமா?" பையன் இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டான். அன்றைக்கு அதற்குப் பிறகு அவன் எந்த மேஜையிலும் வாயைத் திறக்கவில்லை.

அது அற்பக் கேள்வி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய கதை. 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ராமனுக்கு, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒரு கேள்வி. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபுவே சொல்லியாகிவிட்டது. நோபல் பரிசு வாங்கிய பெரிய மனிதர் சொன்னால் மறுபேச்சு ஏது? ராமன் விடவில்லை. கையிலிருந்த நிக்கல் பட்டகத்தை வைத்து, நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் 1928 பிப்ரவரி 28 வந்தது. மார்ச் 16-ஆம் தேதி அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் உரையாற்றியது இதே பெங்களூரில். 1933-ல் இதே டாடா இன்ஸ்டிட்யூட்டுக்கு இயக்குநராக வந்தார். கப்பலில் அவர் தோளைப் பிடித்து, "வாங்க, டைனிங் ஹாலுக்கு லேட்டாயிடுச்சு" என்று இழுக்க நம்மைப் போல் ஒரு குடும்பம் கூட இல்லாதது நாட்டின் அதிர்ஷ்டம்.

என் மருமகளுக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. "மாமா, வருஷத்துல ஒரே நாள். எல்லாத்தையும் ஒரு தடவை கண்ணுல காட்டிட்டா எதுல இன்ட்ரஸ்ட்னு அவனுக்கே தெரிஞ்சிடும். விட்டுட்டா அப்புறம் எப்போ?" என்கிறாள். நியாயம் இல்லாத பேச்சு இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். கிடைக்கிற ஒரு சனிக்கிழமையைத் தூங்கிக் கழிக்காமல் பிள்ளைக்காகக் கொடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் எந்த அப்பா அப்படிக் கொடுத்தார்? ஆனால் அம்மா, பந்தியில் எல்லாப் பதார்த்தமும் ஒரு சொட்டு இலையில் விழுந்துவிட்டால் பிள்ளை சாப்பிட்டதாகுமா? எதில் ஆர்வம் என்று போன வருஷமே அவன் காட்டினானே. புகையில் காட்டினான். ஷீட்டில் புகைக்குக் கட்டம் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது. கோச்சிங் வகுப்பின் நீட்சியாக இதைப் பார்க்கிறவர்கள். போன தடவை ஒருவர், ஏழாம் வகுப்புப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம், "இங்க சேர என்ன ரேங்க் வரணும்? முடிச்சா பேக்கேஜ் எவ்வளவு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மாணவர் கையில் ஏதோ ஒரு படிகத்தின் மாதிரியைப் பிடித்தபடி, பாவம், பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதிரியை அப்பாவும் பார்க்கவில்லை, பையனும் பார்க்கவில்லை.

இலவசம் என்பதாலா இந்த அலட்சியம்? மாலில் விளையாட்டுக் கூடத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டால், பிள்ளை ஒரே சறுக்கு மரத்தில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கினாலும் யாரும் இழுப்பதில்லை. காசு கொடுத்தாயிற்று, விளையாடட்டும் என்று காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். காசு கொடுக்காத இடத்தில்தான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும் என்ற வெறி வருகிறது. உண்மையில் இது இலவசமும் இல்லை. நம் எல்லோருடைய வரிப்பணத்தில் நடக்கிற நிறுவனம். தங்கள் ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு மேஜை போட்டு நிற்கிற பிள்ளைகளின் நேரமும் சும்மா வந்ததில்லை.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியன்.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். என் மகனுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். வீட்டில் அப்போது டயல் சுற்றும் கறுப்பு டெலிபோன். ஒருநாள் ராத்திரி நான் எக்ஸ்சேஞ்சிலிருந்து களைத்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "அப்பா, ஒரே ஜோடி ஒயர்தானே வருது, நாம பேசறதும் அவங்க பேசறதும் அதுலேயே எப்படிப் போகும்? இடிச்சுக்காதா?" அருமையான கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, போகிற பேச்சையும் வருகிற பேச்சையும் பிரித்துக் கொடுக்கிற காயிலைக் காட்டியிருக்கலாம், பத்து நிமிட வேலை. நான் சொன்னது: "படிச்சா தானா தெரியும். போய் ஹோம்வொர்க்கை முடி." அவன் போய் முடித்தான். பிறகும் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தான். இன்று எக்செல் போடுகிறான். அந்த ஷீட்டின் முதல் வரியை எழுதியவன் நான்தான்.

அதனால் நேற்று ராத்திரி குழுவில் சண்டை போடவில்லை. காலையில் காபி ஆற்றிக்கொண்டே நேரில் சொன்னேன். மூன்று இடம் போதும். அதில் முதலாவதை அவன் தேர்ந்தெடுக்கட்டும், இரண்டாவதை நீங்கள், மூன்றாவது போகிற வழியில் எது அவனைப் பிடித்து நிறுத்துகிறதோ அது. காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் போவோம், வண்டி நிறுத்தத் தேடுகிற அரை மணி நேரம் மிச்சம். பாட்டி தயிர்சாதமும் மாவடுவும் கட்டித் தருகிறேன் என்று சொல்லியாயிற்று. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம், அதற்கு இருபது நிமிடம் என்று யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது. மேஜை முன்னால் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, முக்கியமாக நான். எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயத்தை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, பென்ஷன்காரர்களுக்கு வருகிற வியாதி.

மகன் ஒன்றும் பேசவில்லை. டெலிபோன் கதையைச் சொன்னேன். "எனக்கு ஞாபகமே இல்லையேப்பா" என்றான். எனக்கு இருக்கிறது.

மத்தியானம் புது ஷீட் வந்தது. பதினாலு, ஆறாகியிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, மீதி மூன்றையும் குறைக்கப் பார்க்கிறேன்.

பேரனிடம் முதல் இடம் எது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போய் ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து வெள்ளையாக வந்த மூட்டம் அவன் முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "தாத்தா, அந்த அக்கா இந்த வருஷமும் இருப்பாங்களா?" என்றான். கதவைச் சாத்தச் சொல்லிப் பாட்டி கத்திக்கொண்டிருந்தாள்.