ஊட்டிக்குப் போய்த்தான் சாக வேண்டுமா?

காதலித்தவளைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டால், தமிழ்நாட்டில் ஒருவன் முதலில் செய்கிற காரியம் மலை ஏறுவது. ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். அவ்வளவு தூரம் அலைய முடியாதென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உயரமான சுற்றுச்சுவரோடு ஒரு பங்களா. 1964-ல் ‘புதிய பறவை’யில் சிவாஜி கணேசன் தன் ரகசியத்தையும் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போனார். 1980-ல் வந்த ‘மூடுபனி’ தலைப்பிலேயே பனியை வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதே கொண்டை ஊசி வளைவு, அதே கண்ணாடி ஜன்னல், அதில் வழிகிற அதே மழை. போதும் சாமி.

நான் தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிறவள். காதல், துரோகம், வெறி, கொலை என்று எழுதியிருந்தால் கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற ரகம். எனக்கு இருக்கிற ஆதங்கம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கம் யாருமே காதலிக்கவில்லையா? காதலித்தவளை யாரும் கைவிடவில்லையா? ஒருத்தியையே நினைத்து சோறு தண்ணி இல்லாமல் திரிகிறவன் எங்கள் வரப்பில் நடக்கவே இல்லையா? நெல் விளைகிற ஊர்க்காரன் என்றால் அவனுக்கு ஆத்திரமே வராது என்று எந்த மகராசன் சொல்லிவைத்தான்?

எங்கள் ஊரைக் காட்டவே மாட்டேனென்கிறார்கள் என்று சொல்லவில்லை. காட்டுகிறார்கள். ட்ரோனைப் பறக்கவிட்டுப் பச்சைப்பசேலென்று ஒரு வயல். பெரிய கோயில் விமானம். ஆற்றங்கரையில் ஒரு பாட்டி. டவரா டம்ளரில் நுரை பொங்க டிகிரி காபி. கதாநாயகி சென்னையில் உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பாள். நடுவில் சொந்த ஊர் என்று கும்பகோணத்துக்கு வருவாள். சாமி கும்பிட்டு, ஒரு பாட்டு பாடி, மறுபடி சாகப்போகிற இடத்துக்கே ரயில் ஏறிவிடுவாள். கொலைகாரனுக்கும் எங்கள் ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பாட்டியையாவது எங்கள் பேச்சு பேசவிடுகிறார்களா? சென்னையைத் தாண்டிவிட்டால் சீர்காழி ஆனாலும் திருவாரூர் ஆனாலும் எல்லார் வாயிலும் ‘அவய்ங்க, இவய்ங்க’ என்று மதுரைப் பேச்சுதான்.

இத்தனைக்கும் இந்த வியாபாரத்துக்குக் கடைக்கால் போட்டவர்களில் ஒருவர் எங்கள் மண்ணின் மனிதர். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் வடுவூர் இருக்கிறது. இப்போது ஜனங்கள் அங்கே ஏரிப் பறவைகளைப் பார்க்கவும் கோதண்டராமரைச் சேவிக்கவும் போகிறார்கள். ஏரி 2022-ல் ராம்சார் பட்டியலில்கூட ஏறிவிட்டது. அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்ட வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரைத்தான் (1880–1942) பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் காலத்தில் தமிழ்நாட்டையே விடிய விடியக் கண்விழித்துப் படிக்கவைத்தவர்களில் இவரும் ஒருவர். அந்தத் தலைமுறைத் துப்பறியும் கதைகளில் பல இங்கிலீஷ் கதைகளைத் தழுவியவை. இருக்கட்டும். ஆனால் இவர் லண்டன் பனியைச் சேர்த்து இறக்குமதி செய்யவில்லையே! ‘மேனகா’வில் தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகளை, புகுந்த வீட்டு நாத்தனார்களே பணத்துக்கு விற்றுவிடுகிறார்கள். கொலைவெறி பிடித்த யாரோ அல்ல, நாத்தனார்கள்! டி.கே.எஸ். சகோதரர்கள் அதை நாடகமாகப் போட்டார்கள். 1935-ல் ராஜா சாண்டோ படமாக எடுத்தார்.

இன்னொரு நாவலின் தலைப்பே ‘கும்பகோணம் வக்கீல்’. வில்லன் யார், எந்த ஊர், என்ன தொழில் எல்லாமே அட்டையில் இருக்கிறது. இன்றைக்கு அப்படி ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள். மறுநாள் கண்டன ஆர்ப்பாட்டம், மூன்றாம் நாள் மன்னிப்பு, நாலாம் நாள் தலைப்பு ‘வக்கீல்’ என்று சுருங்கும், அடுத்த வாரம் கதை ஊட்டிக்குக் குடிபோய்விடும். அந்த நாவலைத்தான் 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ என்று எடுத்தது. எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷமாக மாற்றிக்கொண்டு துப்பறிந்தார். பிறகு ஆயுசு முழுக்க வில்லனாகவே அடி வாங்கிய மனிதர், எங்கள் ஊர்க் கதையில்தான் கதாநாயகனாக இருந்தார். அந்த நன்றியாவது சினிமாக்காரர்களுக்கு வேண்டாமா?

அப்புறம் வந்த எங்கள் பிள்ளைகளைச் சொல்ல வேண்டும். சுஜாதா காவிரிக் கரை ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். ஸ்ரீரங்கத்துக்கு அவர் கொடுத்தது தேவதைகளை. 1968-ல் ‘நைலான் கயிறு’ வழியாக வந்த கணேஷும், பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வசந்தும் ஆபீஸ் போட்டது சென்னை தம்புச் செட்டித் தெருவில். பட்டுக்கோட்டை பிரபாகர் ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாடு முழுக்க நடந்தவர்; அவருடைய பரத்தும், வாசகம் எழுதிய பனியன் போட்ட சுசீலாவும் பெரும்பாலும் துப்பறிந்தது சென்னைத் தெருக்களில். ஊர்ப் பெயர் அட்டையில் இருக்கும், ஊர் உள்ளே இருக்காது. கோபத்தில் சொல்லவில்லை, உரிமையில் சொல்கிறேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கிய மாத நாவல்களில் அவர் பெயரைத் தேடி வாங்கிப் படித்தவள் நான். இப்போது அப்படித் தொங்குவது சிப்ஸ் பாக்கெட்டும் சார்ஜர் ஒயரும்.

ராஜேஷ்குமாரைப் பாருங்கள். ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேல் எழுதியும் கோயமுத்தூரை விடவில்லை. அவர் ஆட்கள் ஊட்டிக்குப் போனால் பொறுத்துக்கொள்ளலாம், பக்கத்து ஊர். 2022-ல் வந்த ‘வதந்தி’ தொடரில் கன்னியாகுமரிப் பக்கத்தை வைத்து ஒரு பெண்ணின் சாவையும் அதைச் சுற்றிக் கிளம்பிய பேச்சையும் நம்புகிற மாதிரி காட்டினார்கள். ஆக, மனசிருந்தால் முடிகிறது. எங்களுக்கு மட்டும்தான் வயலும் காபியும்.

கேட்டால் ஒரு காரணம் சொல்வார்கள்: “உங்கள் ஊரில் சஸ்பென்ஸ் நிற்காது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.” அட, அதில்தானே சஸ்பென்ஸே இருக்கிறது! எங்கள் ஊர் ஸ்டாப்பிங்கில் தெரியாத முகம் ஒன்று பையோடு இறங்கினால், அந்த ஆள் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் டீக்கடை பெஞ்சிலிருந்து, “யாரு வூட்டுக்கு?” என்று குரல் வரும். பெயர் சொன்னால் போதாது. யார் மகன், எந்தத் தெரு, எந்த வகையில் உறவு என்பதுவரை வாங்கிவிட்டுத்தான் வழி சொல்வார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வெளியூர்க் கொலைகாரன் வந்து ஒளிய முடியாது. கொலைகாரன் நம்மோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவனாகத்தான் இருக்க முடியும். அதைவிடப் பெரிய திகில் எந்த மலையில் இருக்கிறது?

முறைத் தண்ணீர் விடுகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அந்த வாய்க்கால். நடுராத்திரி நம் முறை வந்தால் நடுராத்திரிதான் எழுந்து போக வேண்டும். டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக ஒருவன் கிளம்புகிறான். வாமடையைத் திறந்துவிட்டு வருகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்கிறான். விடிகிற நேரம் திரும்பி வந்து திண்ணையில் படுத்துக்கொள்கிறான். அவள் வாசல் தெளிக்க வருகிறாள். குனிந்தவள் கண்ணில் புருஷன் கால் படுகிறது. குதிகாலில் சேறு இல்லை. வேட்டி நுனி காய்ந்திருக்கிறது. சுவரோரம் சாத்திய மண்வெட்டியில் போன வாரத்து மண் வெள்ளையாகப் பூத்துக்கிடக்கிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. காபி போட உள்ளே போகிறாள். சொல்லுங்கள், அடுத்த அத்தியாயத்தைப் படிக்காமல் உங்களால் அடுப்பு மூட்ட முடியுமா? இதற்குப் பனி வேண்டுமா, பியானோ வேண்டுமா, படிக்கட்டில் தானே அணைகிற விளக்கு வேண்டுமா?

துரோகத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று கேட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையாக நாலு பதிவு இருக்கும்: அப்பா தானமாக எழுதியது, அதை ரத்து செய்தது, தங்கைக்குத் தெரியாமல் விற்றது, விற்றதையே மறுபடி அடமானம் வைத்தது. ஒரே தாளில் ஒரு குடும்பத்தின் இருபது வருஷத்துத் துரோகம் தேதி போட்டு இருக்கும். காதல் கல்யாணம் செய்துகொண்டு போன பெண்ணின் பெயர் எந்த வருஷம் பத்திரத்திலிருந்து மறைந்தது என்று பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும்.

இது இன்று நேற்று வந்த சங்கதியும் இல்லை. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், பட்டத்துக்கு இருந்த பிள்ளை, கொல்லப்பட்டான். கொள்ளிடத்துக்கு வடக்கே காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் இதைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கொலை நடந்து பதினைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து வெட்டியது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று சகோதரர்களின் பெயரைச் சொல்லி, துரோகிகள் என்று குற்றம் சாட்டுகிறது. அவர்களுடைய நிலம் மட்டுமல்ல. மாமனார், தாய்மாமன், கூடப் பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று உறவுமுறை ஒன்று விடாமல் எண்ணி, எல்லார் நிலத்தையும் பறிமுதல் செய்து விற்ற கணக்கு அது. யார் தூண்டினார்கள், எதற்காக என்று மட்டும் ஒரு வரி கிடையாது. ஆயிரம் வருஷமாக முடியாத கேஸ்! மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கிதான் அந்த இடைவெளிக்குள் நந்தினியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். காதலா, பழியா, இரண்டுமா என்று கடைசிவரை நம்மைக் குழப்பிய பெண் அவள். அவளுக்கு அப்புறம் டெல்டாவில் ஒரு நல்ல வில்லி பிறக்கவே இல்லை.

வெறி என்றால் என்ன என்பதையாவது எங்கள் ஆட்களிடம் படித்திருக்கலாம். தி. ஜானகிராமன் ‘மோகமுள்’ளில் பாபுவைத் தன்னைவிட மூத்தவளான யமுனாவின் நினைப்பிலேயே வருஷக்கணக்கில் கும்பகோணத்தில் அலையவிட்டார். கத்தி இல்லை, கயிறு இல்லை, கொலை இல்லை. ஆனாலும் நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கம் புரட்டினோம். இப்போது எடுக்கிறவர்களுக்கு வெறிக்கு ஒரே விளக்கம்தான் தெரியும்: கடைசி இருபது நிமிஷத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் பையன், பெல்ட்டைக் கழற்றும் அப்பா, இருட்டு அறை. முடிந்தது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவன் அந்தப் பெண்ணின் பின்னாலேயே திரிந்தபோது அதற்குப் பாட்டுப் போட்டு, ஆடவிட்டு, காதல் என்று நம்மிடம் விற்றவர்களும் இவர்கள்தான். பாட்டு இருக்கிறவரை காதல், பாட்டு தீர்ந்தால் வெறி. நல்ல கணக்கு.

இதையெல்லாம் ஒரு ராத்திரி, ஏதோ ஒரு மலைத் தொடரின் ஏழாவது எபிசோடில் கார் ஏழாவது வளைவைத் திரும்பும்போது, வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்து, “ஏன் அண்ணி, நம்ம ஊருல கொல விழலையேன்னா வருத்தப்படுறீங்க?” என்றாள். ‘மேனகா’ ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அவள் கேட்டது போலத்தான் எல்லாரும் கேட்பார்கள். ஊரைக் கதையில் வைத்தால் பெயர் கெட்டுவிடும் என்று பயம். கெடட்டுமே! கோயில், காபி, கர்நாடக சங்கீதம், தலையாட்டி பொம்மை என்று எத்தனை நாளைக்குத்தான் நல்ல பிள்ளையாகவே இருப்பது? நல்லவர்கள் மட்டும் வாழ்கிற ஊர் என்று யாரையாவது நம்பவைத்தால் அது மரியாதை இல்லை, ஒதுக்கிவைப்பது. ஆசைப்படவும், ஏமாறவும், பழி வைத்துக் காத்திருக்கவும் எங்களுக்கும் தெம்பு இருக்கிறது.

ஆகவே எழுதுகிற தம்பிகளே, எடுக்கிற ராசாக்களே, அடுத்த கதைக்கு எஸ்டேட் பங்களா தேடாதீர்கள். ஓட்டு வீடு ஒன்று தருகிறோம், கொல்லையில் வைக்கோல் போரும் கிணறும் உண்டு. ஜூன் 12 மேட்டூர் திறப்பில் ஆரம்பித்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் மூன்று சந்தேகத்தைக் கிளப்புங்கள். சம்பா அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் படுதாவுக்கு அடியில் நெல் காத்துக்கிடக்கும்போது உண்மையை உடையுங்கள். துப்பறிகிறவருக்கு டீக்கடை பெஞ்சில் நாங்களே இடம் பிடித்து வைக்கிறோம். கொலைகாரி தஞ்சாவூர்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மாட்டிக்கொண்டு வாக்குமூலம் கொடுக்கும்போது மட்டும் அவளை மதுரைப் பேச்சு பேசவைத்துவிடாதீர்கள்.