கத்தி பிடிக்கும் தகுதி

அறுவை மேசைமீது படுத்திருப்பவன் எதையும் பார்ப்பதில்லை. மயக்க மருந்து ஏறிவிட்டது, கண் மூடிவிட்டது. வயிற்றைக் கிழிக்கப் போகிறவர் யார், எங்கே பயின்றார், இதற்கு முன் எத்தனை வயிறுகளைத் திறந்து மூடியிருக்கிறார் என்று கேட்க அவனால் இயலாது. பஸ் ஏறுகிறவன் டிரைவரின் லைசென்சைக் கேட்டா ஏறுகிறான்? பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நம்பி ஏறுகிறான். அதே நம்பிக்கையில்தான் ஆலைத் தொழிலாளியும் மூட்டை சுமப்பவனும் அவர்தம் மனைவிமாரும் அறுவை மேசையில் ஏறுகிறார்கள்.

பணம் படைத்தவன் நாலு பேரை விசாரிப்பான். நகரத்தின் பெயர்பெற்ற சர்ஜனைத் தேடிப் போவான். ஏழைக்குக் கிடைப்பவர் அன்று டூட்டியில் இருப்பவர். ஆகவே, கத்தி பிடிப்பவரின் தகுதியை யார் அளப்பது, எப்படி அளப்பது என்ற கேள்வியை டாக்டர்களின் வீட்டு விவகாரமென்று ஒதுக்கிவிட முடியாது. அது உழைப்பவனின் உயிர் விவகாரம்.

இக்கேள்விக்கு அமெரிக்க நாடு கண்ட விடையை இன்று நம் தோழர்கள் முன் வைக்கிறோம். அதில் மெச்சத் தக்கதும் உண்டு. வெட்கித் தலைகுனியத் தக்கதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

அங்கே டாக்டர் தொழில் நடத்த லைசென்சு தருவது அந்தந்த மாநிலம். இவர் கண்ணுக்கு, இவர் எலும்புக்கு, இவர் மூளைக்கு என்று அந்த லைசென்சு பிரித்துச் சொல்வதில்லை. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால், லைசென்சு பெற்ற டாக்டர் எவரும் கத்தியை எடுக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து கலக்கியவரே குடலிறக்கத்துக்கும் கத்தி வைத்தார். கைப்பழக்கம் உள்ளவரிடம் போனவன் பிழைத்தான். இல்லாதவரிடம் போனவன் பாடையில் போனான்.

இந்த நிலையை மாற்ற 1916-இல் கண் மருத்துவர்கள் முதலில் ஒரு தேர்வுக் குழு அமைத்தார்கள். அதற்குத்தான் ‘போர்டு’ என்று பெயர். எலும்பு அறுவைக்கு 1934-இலும், பொது அறுவைக்கு 1937-இலும், மூளை நரம்பு அறுவைக்கு 1940-இலும் போர்டுகள் பிறந்தன. பொது அறுவைப் போர்டின் முதல் தலைவர் எவார்ட்ஸ் கிரஹாம். புற்றுநோய் கண்ட நுரையீரல் ஒன்றை 1933-இல் முழுதாக அகற்றி, நோயாளியைப் பிழைக்க வைத்துப் புகழ் பெற்றவர். இன்று அந்நாட்டில் 24 போர்டுகள் ஒரு கூட்டமைப்பில் இயங்குகின்றன.

அவர்கள் விதித்த நிபந்தனை சாதாரணமானதா? கல்லூரியில் நான்கு ஆண்டு. மருத்துவப் பள்ளியில் நான்கு ஆண்டு. அதன் பிறகு ஆஸ்பத்திரியிலேயே கிடந்து பெறும் பயிற்சி, பொது அறுவைக்கு ஐந்து ஆண்டு. மூளை நரம்பு அறுவைக்கு ஏழு ஆண்டு. அந்த ஐந்தாண்டில் குறைந்தது 850 அறுவைகளில் அவர் கை பட்டிருக்க வேண்டும். அவற்றில் 200 கடைசி ஆண்டில் செய்தவையாக இருக்க வேண்டும். அதற்கும் மேலே எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் வாய்மொழித் தேர்வு: அரை மணி வீதம் மூன்று சுற்று, அனுபவம் முதிர்ந்த சர்ஜன்கள் எதிரே உட்கார்ந்து குடைந்தெடுக்கிறார்கள். “இரவு இரண்டு மணி, இரத்தம் நிற்கவில்லை, என்ன செய்வீர்?” என்கிற மாதிரியான கேள்விகள். புத்தகத்தை உருப்போட்டவன் அங்கே திணறுவான்.

சர்ட்டிபிகேட்டைச் சுவரில் மாட்டியதோடு கதை முடிவதுமில்லை. 1976 முதல் பொது அறுவைப் போர்டு தந்த சான்றுக்குப் பத்தாண்டே ஆயுள். திரும்பத் தேர்வெழுத வேண்டும். 2018-இல் அம்முறையை மாற்றி, இரண்டாண்டுக்கு ஒருமுறை சிறு தேர்வு என்று ஆக்கினார்கள். நாற்பது வயதில் கற்றதை வைத்துக்கொண்டு அறுபது வயதிலும் கத்தி பிடிக்காதே என்பது அதன் பொருள்.

போர்டுச் சான்று இல்லாதவரைச் சட்டம் தடுப்பதில்லை, ஆஸ்பத்திரிகள் தடுக்கின்றன. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அச்சான்றைக் கேட்டே அறுவைக் கூடத்தின் கதவைத் திறக்கின்றன. ஆனால், ஆஸ்பத்திரிக்கு வெளியே, சொந்தக் கிளினிக்கில் அழகு சிகிச்சை என்ற பெயரில் கத்தி வைப்பவரை யார் கேட்பது? ஏதோ ஒரு சங்கத்தின் சான்றைக் காட்டி ‘போர்டுச் சான்று பெற்றவர்’ என்று விளம்பரம் செய்பவர் உண்டென்பதால், எந்தச் சான்றை அப்படி விளம்பரம் செய்யலாம் என்று வரையறுக்கக் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது. போலி எங்கே முளைக்கிறது? அசலுக்கு மதிப்பு இருக்கும் இடத்தில்தான்!

இதுவரை மெச்சினோம். இனி, மறுபக்கம்.

850 அறுவை செய்தவன் வரலாம் என்பது விதி. செய்வதற்கு இடம் கொடுத்தார்களா என்பது கேள்வி.

1893-இல் சிகாகோ நகரில், மார்பில் கத்திக்குத்துப் பட்ட ஒருவனின் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் உறையைத் தைத்து, அவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ். அவர் கறுப்பர். அவர் அந்த அறுவையைச் செய்த பிராவிடன்ட் ஆஸ்பத்திரி, 1891-இல் அவரே முன்னின்று தொடங்கியது. ஏன் தொடங்கினார்? கறுப்பினப் பெண்களுக்கு நர்சுப் பயிற்சி தர மற்ற ஆஸ்பத்திரிகள் மறுத்தன. கறுப்பின டாக்டர்களுக்கு அவற்றில் இடமில்லை.

1910-இல் பிளெக்ஸ்னர் என்பார் மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார். தரக்குறைவான பள்ளிகளை மூடு என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அன்றிருந்த ஏழு கறுப்பினப் பள்ளிகளில் ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டு மட்டும் இருந்தால் போதும் என்றார். மற்ற ஐந்தும் சில ஆண்டுகளில் மறைந்தன. மூடப்பட்டவற்றுக்கு ஈடாக, வெள்ளையர் பள்ளிகள் கதவைத் திறந்தனவா? இல்லை!

டாக்டர்களின் பெரிய சங்கத்தில் சேர, முதலில் உள்ளூர்க் கிளையில் சேர வேண்டும். பல ஊர்களில் அந்தக் கிளை கறுப்பரைச் சேர்க்காது. கிளையில் சேராதவருக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைப்பது அரிது. ஆஸ்பத்திரி இல்லாமல் பயிற்சி ஏது? பயிற்சி இல்லாமல் தேர்வு ஏது? ஒரு சங்கிலிக்கு எத்தனை பூட்டு, பார்த்தீர்களா! தேர்வுத் தாளில் நிறம் பற்றி ஒரு வரியும் இல்லை. இருக்க வேண்டிய அவசியம் என்ன? தேர்வு மண்டபத்துக்கு வரும் பாதையிலேயே வேலி போட்டாகிவிட்டதே!

அந்த வேலியையும் தாண்டி வந்தார்கள். 1938-இல் ராஸ்கோ கைல்ஸ் என்னும் கறுப்பின டாக்டர் பொது அறுவைப் போர்டின் சான்றை முதன்முதலாகப் பெற்றார். 1941-இல் சார்லஸ் டுரூ தேறினார். தேறிய அவரே அப்போர்டின் தேர்வாளராகவும் நியமிக்கப்பட்டார். இரத்தத்தைச் சேமித்து வைக்கும் முறைகளை ஆராய்ந்து, 1940-இல் குண்டுமழையில் தவித்த பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் பணியை நடத்தியவர் அந்த டுரூ. அவர் நாட்டிலேயே, கறுப்பர் இரத்தத்தைத் தனியே பிரித்து வை என்று பின்னர் ஆணை பிறந்தது! உலகுக்கு இரத்தம் தேக்கக் கற்பித்தவரின் இரத்தத்துக்கே தீட்டு!

டுரூ ஓய்ந்துவிடவில்லை. ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் அறுவைத் துறைத் தலைவராக அமர்ந்து, இளைஞர்களைப் போர்டுத் தேர்வுக்கு வாட்டி வடித்தெடுத்தார். 1941 முதல் 1950-இல் கார் விபத்தில் அவர் மறையும்வரை, போர்டுச் சான்று பெற்ற கறுப்பின சர்ஜன்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவர் கையில் பயின்றவர்கள். அதே டுரூவுக்கு, டாக்டர்களின் பெரிய சங்கத்தில் கடைசிவரை இடமில்லை. அச்சங்கம் தன் பழைய பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டது எப்போது? 2008-இல்!

தோழர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். டுரூ, தேர்வை எளிதாக்கு என்று கேட்கவில்லை. தம் மாணவருக்கு மதிப்பெண் சலுகை கேட்கவில்லை. பயிற்சிக்கு இடம் கொடு, பிறகு எங்களை அளந்து பார் என்றார். இடம் கிடைத்தது, அளந்தார்கள், அளவில் குறைவு காணவில்லை. ‘தகுதி போயிற்று, திறமை போயிற்று’ என்று கூப்பாடு போடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலும் குறைவில்லை. அவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

சட்டமும் மெல்ல அசைந்தது. சர்க்கார் பணம் பெற்ற ஆஸ்பத்திரிகள் நிறம் பார்த்து டாக்டரையும் நோயாளியையும் விலக்கக் கூடாது என்று 1963-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964-இல் குடிஉரிமைச் சட்டம் வந்தது. முதியோர் சிகிச்சைக்குச் சர்க்கார் பணம் 1966-இல் பாயத் தொடங்கியதும், நிறம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பணம் இல்லை என்றார்கள். நீதி போதனைக்கு அசையாத கதவுகள் நிதியைக் கண்டதும் திறந்தன!

பூட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டனவா? இல்லை. இன்று அங்கே கடன் வாங்கி மருத்துவம் படித்து வெளிவருவோர் தலையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர் சுமை. பயிற்சி டாக்டரின் உழைப்பு வாரத்துக்கு 80 மணிக்கு மேல் போகக் கூடாது என்று 2003-இல்தான் நாடு முழுமைக்கும் வரம்பு கட்டினார்கள். எட்டு மணி நேர வேலைக்காக இரத்தம் சிந்திய தொழிலாளி வர்க்கம் இதைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா? நம் ஊரில் எம்.எஸ். பட்டம் பெற்று ஆயிரக் கணக்கில் அறுவை செய்த தமிழ் டாக்டரும், அங்கே போனால் பொதுவாக முதல் ஆண்டுப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். லைசென்சு அளவில் இதைத் தளர்த்த 2023-இல் டென்னசி மாநிலம் சட்டம் செய்தது. லைசென்சு வேறு, போர்டு வேறு என்பதை மறவாதீர்கள்.

நம் கருத்து இதுதான். தேர்வே வேண்டாம் என்பவர் ஏழையின் வயிற்றில் விளையாடுகிறார். தேர்வு ஒன்றே போதும், அதற்கு வரும் பாதையைப் பற்றிப் பேசாதே என்பவர், வேலிக்குக் காவல் நிற்கிறார். இருவரையும் ஏற்கமாட்டோம்.

அளவுகோல் அணுவளவும் வளைய வேண்டாம். ஆனால் அதன் முன் வந்து நிற்கும் வாய்ப்பு, கூலிக்காரன் மகனுக்கும் மகளுக்கும் வேண்டும். அந்த வழிக்குச் செலவிட வேண்டியது சர்க்கார். மேசைமீது கண்மூடிக் கிடப்பவனின் உயிர், இரண்டையும் ஒருங்கே கேட்கிறது.

கத்தி கூர்மையாக இருக்கட்டும்! கதவு அகலமாக இருக்கட்டும்!