மினியாபொலிஸ் காவல்துறைச் சீர்திருத்தத்தைக் கைகழுவிய அமெரிக்க நீதித் துறைக்குக் கண்டனம்

மே 28, 2025

மினியாபொலிஸ் காவல்துறையை நீதிமன்றக் கண்காணிப்பில் சீர்திருத்த, நகர நிர்வாகமும் அமெரிக்க நீதித் துறையும் 2025 ஜனவரியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அந்நகரக் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் ஐந்தாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான்கு நாள் முன்பு, மே 21 அன்று, அதைக் கைவிடக் கோரி அதே நீதித் துறை மனு போட்டது. மே 27 அன்று நீதிமன்றம் அந்த மனுவை ஏற்று, உடன்பாடு தொடர்பான வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. நீதித் துறையின் இந்தப் பின்வாங்கலை, இந்நாட்டில் வழக்கறிஞர்களாகப் பணிபுரியும் தமிழர்களாகிய எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

2020 மே 25 இரவு ஃபிளாய்டுக்கு நடந்ததைக் காவல்துறை முதலில் எப்படிச் சொன்னது? கைது செய்யப்பட்டவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டது, மருத்துவமனையில் இறந்தார் என்று. கழுத்தில் பதிந்த முழங்கால் பற்றி அந்தச் செய்திக்குறிப்பில் ஒரு சொல் இல்லை. 17 வயதுப் பெண்ணொருத்தி கைப்பேசியில் படமெடுத்திராவிட்டால், 9 நிமிடம் 29 விநாடி நீடித்த அந்தக் கொலை அரசுக் கோப்பில் நோய்ச் சாவாகவே முடிந்திருக்கும். ஃபிளாய்டைக் கொன்ற காவலர் டெரெக் ஷாவின் மீது அதற்கு முன்பே புகார்கள் குவிந்திருந்தன. 2017இல் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனையும் அவர் இப்படித்தான் முழங்காலிட்டு அழுத்தினார். மேலதிகாரிகள் அவரைப் பணியில் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட துறை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று கறுப்பின மக்கள் எதைக் கொண்டு நம்புவார்கள்?

2023 ஜூனில் நீதித் துறையே தன் விசாரணை முடிவை வெளியிட்டது. மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் 6.5 மடங்கும் பூர்வகுடியினர் 7.9 மடங்கும் அதிகமாகத் தடுத்து நிறுத்தப்படுகிறார்கள் என்றது. ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, நிறுத்தப்படுவோரின் இனத்தைக் குறிப்பதையே காவலர் பலர் விட்டுவிட்டதையும் சுட்டிக்காட்டியது. இத்தகைய விசாரணைகளின் தரவு முழுமையற்றது என்று இன்று அதே துறை குறை சொல்கிறது! பதிவேட்டில் எழுதாமல் விட்டவர்களை விட்டுவிட்டு, விசாரித்தவர்கள்மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

மினசோட்டா மாநில அரசோடு நகர நிர்வாகம் செய்த தனி உடன்பாடு இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அது தொடர்வது ஆறுதல்தான். ஆனால் அது இனப்பாகுபாடு குறித்த விசாரணையில் பிறந்தது. மனநல நெருக்கடியில் தவிப்போரை நடத்தும் விதத்திலும், போராடுவோரின் பேச்சுரிமையிலும் மத்திய விசாரணை கண்ட மீறல்களுக்கு இனி யார் பொறுப்பு?

ஃபீனிக்ஸ், மெம்ஃபிஸ் உள்ளிட்ட இடங்களின் காவல்துறைகள்மீது வெளியிட்ட விசாரணை முடிவுகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை நீதித் துறை உடனே ரத்து செய்ய வேண்டும். உடன்பாட்டின்படியே நடப்போம் என்று மேயர் ஜேக்கப் ஃபிரே சொல்லியிருப்பதை வரவேற்கிறோம். மேயர்கள் மாறுவார்கள், ஆகவே அந்த விதிகளை நகர மன்றம் சட்டமாகவே நிறைவேற்ற வேண்டும். தடுத்து நிறுத்தப்படும் ஒவ்வொருவரின் இனத்தையும் பதிவு செய்து, அந்தக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறோம்.

— நிர்வாகக் குழு