குளிரில் வண்டி கிளம்பாவிட்டால் உடனே புதுப் பாட்டரியா?

மார்கழி, தை மாதங்களில் நீலகிரி, கொடைக்கானல் மலை விவசாயிகளுக்கு இரண்டு கவலைகள். உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி கருகிவிடுமோ என்பது ஒன்று. விடியற்காலையில் மூட்டைகளை ஏற்றிய பிறகு வண்டி கிளம்புமா என்பது மற்றொன்று. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காரட் கொண்டு போகிறவர் ஏலத்தைத் தவறவிட்டால் அன்றைய விலையும் தவறியது. அந்த அவசரத்தில் யாராவது "பாட்டரி போச்சு" என்று சொன்னால் போதும், பல ஆயிரம் ரூபாய் கைமாறிவிடுகிறது. இதில் பெரும்பகுதி வீண் செலவு என்பது என் கருத்து.

ஊட்டியில் சில இரவுகளில் வெப்பம் 0 டிகிரியைத் தொடுகிறது. அந்தக் குளிரில் நல்ல பாட்டரியின் தள்ளும் சக்திகூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 18, 20 மடங்கு அழுத்தும்போது பிறக்கும் உஷ்ணத்தில்தான் டீசல் பற்ற வேண்டும். சில்லிட்ட எஞ்சின் இரும்பு அந்த உஷ்ணத்தையும் உறிஞ்சிவிடுகிறது. ஆகவே ஐப்பசியில் பொறுத்துப் போன சிறு கோளாறு மார்கழியில் வண்டியை நிறுத்திவிடுகிறது. அந்தச் சிறு கோளாறு எது என்று தேடுவதுதான் வேலை.

முதலில் காதால் கேளுங்கள். செல்ப் போட்டதும் "டக்" என்று ஒரே சத்தம் வந்து நின்றாலும், எஞ்சின் முக்கி முனகிச் சுற்றினாலும் கோளாறு மின்சாரப் பக்கம். எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பாட்டரி குற்றவாளி அல்ல. இந்த ஒன்று தெரிந்தாலே பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள்.

முக்கிச் சுற்றும் வண்டியில் பாட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், மைனஸ் ஒயரை முதலிலும் பிளஸ் ஒயரை அடுத்தும் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பாட்டரிக்குள் போகக்கூடாது. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. அடுத்தது எர்த் ஒயர். மலைச் சேற்றிலும் மழையிலும் இது உள்ளுக்குள்ளேயே அரித்துப் போகும். வெளியே பார்த்தால் தெரியாது. ஜம்ப்பர் கேபிள் ஒன்றைப் பாட்டரியின் மைனஸிலிருந்து எஞ்சினின் சுத்தமான இரும்பில் பிடித்து செல்ப் போடுங்கள். இப்போது வேகமாகச் சுற்றினால் கெட்டது எர்த் ஒயர். அதன் விலை பாட்டரி விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அதன் பிறகே பாட்டரி. இரவு முழுதும் நின்ற வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. காலியான பாட்டரி கெட்ட பாட்டரி அல்ல. தோட்டத்திலிருந்து ரோடு வரை இரண்டு மைல் மட்டும் ஓடும் வண்டியில் பாட்டரி எப்படி நிறையும்? வெளியே சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் கவனியுங்கள். முழுச் சார்ஜுக்குப் பின்னும் ஐந்து அறைகள் ஹைட்ரோமீட்டரில் 1.260 காட்ட, ஓர் அறை மட்டும் 1.200 காட்டினாலோ, செல்ப் போடும்போது வோல்ட் 9-க்கும் கீழே விழுந்தாலோ பாட்டரியின் ஆயுள் முடிந்தது. அப்போது தாராளமாக மாற்றுங்கள்.

வேகமாகச் சுற்றியும் பற்றாத டீசல் வண்டிக்குச் சைலன்சர் புகையே சாட்சி. புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. பில்டர் அருகில் உள்ள கை பம்ப்பை அழுத்துங்கள். காலையில் அது தளர்ந்து கிடந்து, பத்துத் தடவை அழுத்தியதும் வண்டி கிளம்பினால், எங்கோ காற்று புகுந்து இரவில் டீசல் டாங்குக்கே திரும்பிவிடுகிறது. ரப்பர் குழாய், வாஷர், பில்டர் மூடி இவற்றில்தான் பெரும்பாலும் ஓட்டை.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பி, சுருள் விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும். இந்தப் பத்து விநாடிப் பொறுமை நம்மவர்களிடம் இல்லை! பொறுத்தும் பலனில்லை என்றால், பிளக்கின் ஒயரைக் கழற்றி, 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பாட்டரி பிளஸுக்கும் பிளக் முனைக்கும் இடையில் பிடியுங்கள். எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் நாஸிலையும் கம்ப்ரஷனையும் ஒர்க் ஷாப்பில்தான் பார்க்க வேண்டும்.

டீசலே உறைகிறதா என்று சிலர் கேட்கிறார்கள். லடாக்கில் உறையும். அதற்காகவே 33 டிகிரி மைனஸிலும் ஓடக்கூடிய டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் அங்கே கொண்டுவந்தது. நம் மலைக் குளிர் அவ்வளவு இல்லை. சந்தேகமிருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்து ஓர் இரவு வெளியே வையுங்கள். அடியில் தண்ணீர் நின்றாலும் கலங்கலாக இருந்தாலும் பில்டரை வடித்து மாற்றுங்கள். மண்ணெண்ணெய் கலப்பது வேண்டாம். பம்ப்புக்கு வழவழப்புத் தருவது டீசல்தான். எஞ்சின் ஆயிலில் 20 என்று தொடங்குவதைவிட 15 என்று தொடங்குவது குளிரில் இளகலாக இருக்கும். வண்டிப் புத்தகம் அனுமதித்தால் மாற்றலாம்.

ஆயில் சட்டிக்கு அடியில் தீ மூட்டுவதை இன்னும் சில இடங்களில் காண்கிறோம். வண்டியோடு கொட்டகையும் போய்விடும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிப்பதும் வெடியில் முடியலாம்.

ஹைட்ரோமீட்டர், மல்டிமீட்டர், சார்ஜர் மூன்றையும் ஒவ்வொரு சிறு விவசாயியும் வாங்க முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு செட் இருந்தால் ஊருக்கே போதும். உரம் வாங்கப் போகிறபோது பாட்டரியைச் சோதித்துக்கொண்டு வரலாம். சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். குளிர் தொடங்குமுன், ஐப்பசியிலேயே கேளுங்கள்.