தொட்டிலில் வேண்டாம் சிக்கனம்!

குழந்தை பிறந்தால் வீடு கொள்ளாத சந்தோஷம். அடுத்த கரண்டு பில் வந்தால் தலை கொள்ளாத கவலை!

சென்னையில் வீட்டுக்கு வீடு இதுதான் கதை. ராத்திரி முழுக்க விளக்கு. பகல் முழுக்க மின்விசிறி. பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர், துணி அலச வெந்நீர், பாட்டில் கழுவ வெந்நீர். மீட்டர் என்ன செய்யும், பாவம்? ஓடுகிறது!

ஒரு யூனிட் 243 ரூபாய்

2024 ஜூலையில் வந்த கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்தால் 1,805 ரூபாய். 501 யூனிட் எரித்தால் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய் தண்டம்!

காரணம் இதுதான். அந்த 2024 கட்டணப்படி 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு என்ற சலுகை போய், 4 ரூபாய் 70 காசு ஆனது.

இது தப்பு

பில்லுக்குப் பயந்து சிலர் குழந்தை அறையில் மின்விசிறியை நிறுத்துகிறார்கள். வெயில் காலத்தில் பிஞ்சு உடம்பு தாங்குமா?

இன்னும் சிலர் குளிர் காலத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கரி நெருப்பு மூட்டுகிறார்கள். மூடிய அறையில் கரி நெருப்பு விஷ வாயு கக்கும். அதற்கு வாசனை கிடையாது. தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்!

தாயின் மார்பை விடவா நல்ல ஹீட்டர்? 1978-ல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதவில்லை. எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் ஒட்ட அணைத்து வைத்தார்கள். அந்தக் 'கங்காரு' முறை இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அப்பாவும் செய்யலாம். கரண்டு செலவு சைபர்!

எங்கே மிச்சம்?

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். ராப்பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். புது ரக பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு 30 வாட் போதும். 43 யூனிட்டோடு முடிந்தது. காற்றும் குறையாது, பில்லும் ஏறாது.

ஏ.சி. இருந்தால் 26 டிகிரியில் வையுங்கள். 18-ல் வைத்துவிட்டுப் பிள்ளைக்கு மூன்று கம்பளி போர்த்துவது என்ன நியாயம்?

ராத்திரிக்குச் சின்ன எல்.இ.டி. பல்பு போதும். பக்கெட் தண்ணீரை மத்தியான வெயிலில் மூடி வைத்தால், துணி அலச வெதுவெதுப்பாகிவிடும். தாய்ப்பால் கொடுக்க முடிந்தவர்களுக்குப் பாட்டிலைக் கொதிக்க வைக்கும் கேசும் மிச்சம்.

ஹீட்டர் ராடு போடுகிற வீட்டில் ஒரு எச்சரிக்கை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். பிள்ளை அழுகிற அவசரத்தில் இதை மறந்தால் உயிர் போகும்!

ரீடிங் எடுக்க ஆள் வரும்வரை காத்திருக்காதீர்கள். வாரம் ஒரு தடவை நீங்களே மீட்டரைப் பாருங்கள். 60 நாளுக்கு 500 யூனிட் என்றால் நாளுக்கு 8 யூனிட். அதற்குள் நிற்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

மிச்சம் பிடிக்க வீட்டில் எத்தனையோ இடம் இருக்கிறது. தொட்டிலில் மட்டும் கை வைக்காதீர்கள்!